திரைக்குப் பின்னால் ஒரு குரல்

தொலைபேசியை அரபு மக்கள் 'ஹாதிஃப்' என்கின்றனர். தொலைபேசி தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே அம்மொழியில் வழங்கிவந்த சொல் இது. உருவம் தென்படாது குரல் மட்டும் கேட்குமாயின், அக்குரலுக்குரியவனை ஹாதிஃப் என்றனர் பண்டையோர். தமிழ்ச்சொல் தொலைவைச் சுட்டுகிறது. அரபுச்சொல்லோ காணாமையைச் சுட்டுகிறது. இக்கருவியின் வரலாற்றை நம் சமுதாயத்தின் கண்கொண்டு நோக்குவார்க்கு இரண்டாவது பொருளே பெரிதும் துணைசெய்யும். பேசுபவர் யார், அவர் சொல்லை எவ்வளவு நம்பலாம் என்னும் வினா தொலைபேசியோடு உடன்பிறந்ததாகும்.

அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1876-இல் இக்கருவிக்குக் காப்புரிமை பெற்றார். ஆறே ஆண்டுகளில், 1882 ஜனவரி 28 அன்று, கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களும் தொலைபேசி இணைப்பகங்களைப் பெற்றன. ஆயினும் அது நெடுங்காலம் அலுவலகங்களுக்கும் பெருவணிகர்க்குமே உரியதாயிருந்தது. நாடு விடுதலை பெற்றபோது இந்தியா முழுமைக்கும் இருந்த தொலைபேசிகள் ஏறத்தாழ 80 ஆயிரமே.

முஸ்லிம் நாடுகளில் இக்கருவி நுழைந்த கதை வேறு வகையானது. உதுமானிய சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீதின் ஆட்சியில் இஸ்தான்புல் நகரத்தார்க்குத் தொலைபேசி எளிதில் கிட்டவில்லை. 1908-இல் ஏற்பட்ட அரசியல் மாற்றத்திற்குப் பின்னரே அதற்கு வழி பிறந்தது. 1913-இல் அந்நகரத் தொலைபேசி நிறுவனம் முஸ்லிம் பெண்களைப் பணியில் அமர்த்தத் தயங்கியபோது பெண்கள் இதழொன்று எதிர்த்துக் குரல் கொடுத்தது. அதன் பயனாகப் பணியேற்றவர்களுள் ஒருவரே பெத்ரா உஸ்மான் என்னும் பெண்மணி. அரேபியாவிலோ, மன்னர் அப்துல் அஸீஸ் தொலைபேசியைக் கொண்டுவந்தபோது சிலர் அதனை ஷைத்தானின் வேலையென ஐயுற்றனர். கம்பியின் ஒருமுனையில் குர்ஆனை ஓதச்செய்து மறுமுனையில் அவர்களைக் கேட்கவைத்து, ஷைத்தான் இறைவசனத்தைச் சுமந்து வருவானா என மன்னர் வினவினார் என்று சொல்லப்படுவதுண்டு.

ஐயுற்றாரை எள்ளி நகையாடுதல் எளிது. ஆனால் காணாத குரலை ஏற்கலாமா என்னும் கேள்வி அறிவற்றோர் கேள்வியன்று. ஹதீஸ் கலை வல்லுநர் அதனைப் பல நூற்றாண்டுகட்கு முன்பே ஆராய்ந்துள்ளனர். முகம் காணாத ஆசிரியரிடம் கேட்டதை அறிவிக்கலாகாது என்பது இமாம் ஷுஅபா (ரஹ்) அவர்களின் கருத்து. பெரும்பாலார் அதனை ஏற்கவில்லை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் திரைக்கு அப்பாலிருந்து கேட்ட ஹதீஸ்களை மக்கள் அறிவித்து வந்துள்ளனர் அல்லவா? கண்பார்வையற்ற இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களின் பாங்கொலியைக் கேட்டே ஸஹர் உணவை நிறுத்துமாறு அண்ணலார் (ஸல்) பணிக்கவில்லையா? எனினும் ஒரு நிபந்தனை உண்டு என்பதை இப்னு ஸலாஹ் (ரஹ்) தம் 'முகத்திமா'வில் குறித்துள்ளார். கேட்பவர் அக்குரலை அறிந்திருத்தல் வேண்டும். அன்றேல் இன்னார்தாம் பேசுகிறார் என நம்பத்தக்க ஒருவர் உரைத்தல் வேண்டும்.

இந்நிபந்தனையை நம் ஊர்த் தொலைபேசி தன்னையறியாமலே நிறைவேற்றி வந்தது. நான் இளைஞனாயிருந்த 1980-களில் பூந்தமல்லியில் தொலைபேசியுள்ள வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். முகவரி அட்டைகளில் எண்ணுக்குப் பக்கத்தில் 'பி.பி.' என்று அச்சிட்டிருப்பார்கள். அது அண்டை வீட்டார் எண் என்பது பொருள். வெளியூருக்கு டிரங்க் கால் பதிவுசெய்து காத்திருப்போம். பின்னர் எஸ்.டி.டி. கடைகள் பெருகின. இரவு 11 மணிக்குமேல் கட்டணம் கால்பங்காகக் குறையும் என்பதால், அயலூரில் மகளைக் கட்டிக்கொடுத்தோர் அந்நேரம் பார்த்துக் கூடுவர். இரகசியம் என்பது அரிது. ஆயின் பேசுபவர் யார், எவ்வீட்டிலிருந்து பேசுகிறார் என்பது ஐயமின்றித் தெரியும். அந்த எண்ணே ஒரு சாட்சியாக நின்றது.

இதன் அருமை ரமளான் 29-ஆம் நாள் மாலையில் விளங்கும். ஷாம் நாட்டில் வெள்ளியிரவு பிறை கண்ட செய்தியைக் குறைப் (ரஹ்) மதீனாவுக்குக் கொணர்ந்தபோது மாதம் முடியும் தறுவாயிலிருந்தது. மதீனாவில் சனியிரவு கண்ட பிறையையே கொள்வோம் என்றார் இப்னு அப்பாஸ் (ரலி). அன்று ஒட்டகம் கொணர்ந்த செய்தியைத் தொலைபேசி அவ்விரவிலேயே கொணர்ந்தது. வினாவும் அவ்விரவிலேயே விடை வேண்டிற்று. கம்பிவழிக் குரல் 'ஷஹாதத்' எனும் சாட்சியம் ஆகாது, ஏனெனில் சாட்சி நேரில் நிற்றல் வேண்டும். அது 'கபர்' எனும் செய்தியே என்பது உலமாக்களின் விளக்கம். பல இடங்களிலிருந்து நம்பகமாகக் குவியும் செய்திக்கு வேறு மதிப்புண்டு.

பெரியவர் ஹஜ்ரத் ஒருவர் ஒலிவாங்கியைக் காதில் வைத்ததும் மூன்று கேள்விகள் கேட்பார்: "பிறையை நீங்கள் கண்டீர்களா? கண்டவரைக் கண்டீர்களா? கண்டதாகக் கேட்டீர்களா?" பிறகு இணைப்பை வைத்துவிட்டு, தம் குறிப்பேட்டிலுள்ள அப்பள்ளிவாசலின் எண்ணைப் பார்த்துத் தாமே திரும்ப அழைப்பார். வெளியே கூடிநிற்கும் இளைஞர் பொறுமையிழப்பர். நானும் அவர்களுள் ஒருவன். அவர் செய்தது ஹதீஸ் கலையின் 'இஸ்னாத்' ஆய்வே என்பது பின்னாளில்தான் எனக்குப் புலனாயிற்று.

இந்தியாவில் 2004-இல் கைப்பேசிகள் எண்ணிக்கையில் நிலைவழித் தொலைபேசியை விஞ்சின. 2006 வாக்கில் ஏறத்தாழ 5 கோடியாயிருந்த நிலைவழி இணைப்புகள் 2020 வாக்கில் 2 கோடியளவிற்கு இறங்கின. பின்னர் கண்ணாடியிழை வழியே அவை மீண்டும் பெருகினும், அப்பெருக்கம் பெரிதும் இணையத்தின் பொருட்டே. இதற்காக வருந்துவது என் நோக்கமன்று. தாயின் முகத்தைத் துபாயிலிருந்தே மகன் காண்பது அல்லாஹ்வின் அருட்கொடையே. ஆனால் இன்று கையிலுள்ள திரையில் வந்து விழும் செய்திக்கு வீடில்லை, ஊரில்லை, உரைத்தவர் பெயருமில்லை. 'வந்தது, அனுப்பினேன்' என்பதே அதன் இஸ்னாத். பிறைச் செய்தி பொய்த்தால் ஒரு நோன்பு பாழாகும். ஒரு பெண்ணைப் பற்றியோ அண்டை அயலாரைப் பற்றியோ வந்த செய்தி பொய்த்தால் மானமும் உயிரும் பாழாகும். தீயோன் கொணரும் செய்தியைத் தீர விசாரிக்குமாறு சூரத்துல் ஹுஜுராத்தின் 6-ஆம் வசனம் கட்டளையிடுவது இதன் பொருட்டன்றோ?

கூடத்து மூலையிலிருந்த தொலைபேசியைப் பல வீடுகளில் எடுத்துவிட்டோம். அப்பெரியவரின் மூன்று கேள்விகளையேனும் நம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்போமாக. பிறர்க்கு அனுப்புமுன் அவற்றைக் கேட்டுக்கொள்ள ஒரு நிமிடம் போதும்.