குதிரையைத் தள்ளிய வண்டி!

குதிரை வண்டியை இழுக்கும். வண்டி குதிரையைத் தள்ளுமா? அமெரிக்கப் பண்ணைகளில் தள்ளியிருக்கிறது!

1938-ல் ஹென்றி ஃபோர்டும் அயர்லாந்துக்காரர் ஹாரி ஃபெர்குசனும் கூட்டு சேர்ந்தார்கள். பத்திரம் கிடையாது, வெறும் கைகுலுக்கல். அடுத்த வருஷமே வந்தது ஃபோர்டு 9என். சுமார் 23 குதிரைத்திறன் கொண்ட குட்டி டிராக்டர். என்ஜின் சக்தியைக் கருவிக்குக் கொடுக்க, பின்னால் ஒரு சுழலும் தண்டு. பி.டி.ஓ. என்பார்கள்.

1951-ல், அலபாமா மாநிலத்தின் செல்மா நகரில் 'புஷ் ஹாக்' ரோட்டரி கட்டர் தயாரானது. (மார்ட்டின் லூதர் கிங் 1965-ல் பேரணி நடத்தினாரே, அதே செல்மாதான்.) நம்மூரில் மண்ணைக் கிளறுகிற ரோட்டவேட்டர் வேறு. இது டிராக்டருக்குப் பின்னால் படுக்கைவாட்டில் சுழன்று புல்லையும் புதரையும் வெட்டித் தள்ளும். விடுவார்களா? பழைய 9என்களிலும் இதை மாட்டினார்கள்.

வந்தது வினை!

அந்த டிராக்டரில் சக்கரத்துக்கும் பி.டி.ஓ.வுக்கும் சேர்த்து ஒரே கிளட்ச். வேலி வந்துவிட்டது, கிளட்சை மிதிக்கிறீர்கள். என்ஜின் விலகிவிடும். ஆனால், கனமான பிளேடு சுற்றிக்கொண்டே இருக்குமே? அந்த வேகம் தண்டு வழியாகத் திரும்பி வந்து சக்கரத்தைச் சுழற்றும். வண்டி நிற்காது. வேலியோ, பள்ளமோ... போகவேண்டியதுதான்.

கனடாவில் 1946-லேயே 'காக்‌ஷட் 30' என்ற டிராக்டர், வண்டி நின்றாலும் தன்பாட்டுக்குச் சுற்றுகிற பி.டி.ஓ.வோடு வந்துவிட்டது. பழைய ஃபோர்டு வைத்திருந்தவர்கள் என்ன செய்வது? சைக்கிளில் பெடலை நிறுத்தினாலும் சக்கரம் ஓடுகிறதல்லவா, அந்த ஃப்ரீவீல் தத்துவம்தான் கைகொடுத்தது. 'ஓவர்ரன்னிங் கப்ளர்' என்ற சின்ன உருளையைத் தண்டில் மாட்டினால் போதும். பிளேடு தனியே சுற்றி ஓயும். சக்கரம் தப்பிக்கும்.

இன்றும் கட்டர் வாங்குகிறவர்கள் ஒரு மனக்கணக்குப் போடுவார்கள். வெட்டும் அகலத்தில் அடிக்கு 5 குதிரைத்திறன். அப்படியானால் 9என்-க்கு நாலு அடி சௌகரியம், ஐந்து அடி இழுபறி. ஆனால், நாலு அடி எடுத்தால் பின்சக்கரங்களின் அகலத்தை எட்டாது. சக்கரம் மிதித்த புல் வெட்டுப்படாமல் படுத்துக்கொள்ளும். அதனால் பலரும் ஐந்தடியை மாட்டி, மெதுவாக ஓட்டுவார்கள்.

அகலத்தில் அரை அடி கூடக்குறைய இருந்தால் வேலைதான் கெடும். நீங்கள் ஒரு பழைய டிராக்டருக்குக் கட்டர் வாங்கப் போனால், "எவ்வளவு வெட்டும்?" என்று அப்புறம் கேளுங்கள். "கிளட்சை மிதித்தால் வண்டி நிற்குமா?" அதுதான் முதல் கேள்வி!