மாளிகையிலிருந்து ஆடிஷன் அறைக்கு: புகழாசைத் திகில் படங்களில் ஓர் இடமாற்றம்

புகழாசையைத் திகிலாக்கும் அமெரிக்கப் படங்களில் பேய் எங்கே குடியிருக்கிறது என்று தேடினால் அவற்றின் வரலாறு ஓரளவு பிடிபடும். 1950-இல் அது பழைய மாளிகையில் இருந்தது. இன்று ஆடிஷன் அறையில் இருக்கிறது.

பில்லி வைல்டரின் 'சன்செட் புலவார்ட்' (1950) படத்தைப் பொதுவாகத் திகில் வகையில் சேர்ப்பதில்லை. ஆனால் அதில் கதை சொல்பவன் நீச்சல் குளத்தில் மிதக்கும் பிணம். வளர்ப்புக் குரங்குக்கு இரவில் நல்லடக்கம் நடக்கிறது. மறக்கப்பட்ட மௌனப்பட நட்சத்திரம் நார்மா டெஸ்மண்டாக வரும் குளோரியா ஸ்வான்சன் உண்மையிலேயே மௌனப்பட நட்சத்திரம். பணியாளாக வரும் எரிக் வான் ஸ்ட்ரோஹைம் 'குவீன் கெல்லி'யில் அவரை இயக்கியவர். நார்மா தன் வீட்டுத் திரையில் போட்டுப் பார்ப்பதும் அந்தப் படத்தைத்தான். பாரமவுண்டிலிருந்து தொலைபேசி அழைப்புகள் வருகின்றன. இயக்குநர் டெமில் தன்னை நடிக்கக் கூப்பிடுகிறார் என்று நம்பி நார்மா அலங்காரத்தோடு ஸ்டுடியோவுக்குப் போகிறாள். அவர்கள் கேட்டதோ அவளுடைய பழைய காரை. ஒரு துளி ரத்தம் சிந்தாத இந்தக் காட்சியை விடக் கொடூரமான ஒன்று இந்த வகைப் படங்களில் பிறகும் அதிகம் வரவில்லை என்பது என் கணிப்பு.

ராபர்ட் ஆல்ட்ரிச்சின் 'வாட் எவர் ஹேப்பண்ட் டு பேபி ஜேன்?' (1962) அதே பூட்டிய வீட்டை எடுத்துக்கொண்டு வெளிப்படையான திகிலாக்கியது. குழந்தை நட்சத்திரமாக இருந்த ஜேன், முதுமையிலும் அந்தக் குழந்தையின் ஒப்பனையைக் கலைக்கவில்லை. படம் வெளிவரும் முன், வேலை வேண்டும் என்று, ஜேனாக நடித்த பெட்டி டேவிஸ் திரைத்துறை இதழில் பாதி கிண்டலாக ஒரு விளம்பரம் கொடுத்தார். படம் வெற்றி பெற்றதும் மூத்த நடிகைகளைப் பித்துப்பிடித்தவர்களாகக் காட்டும் படங்கள் வரிசையாக வந்தன. கைவிடப்பட்டவளாக நடிப்பதே கைவிடப்பட்ட நடிகைக்குக் கிடைத்த பிழைப்பு.

இந்த இரண்டிலும் புகழ் வந்து போய்விட்டது. புகழின் நடுவிலேயே ஒருத்தி இரண்டாகப் பிளப்பதை ஜப்பானில் சதோஷி கோனின் 'பெர்ஃபெக்ட் ப்ளூ' (1997) காட்டியது. புகழே வராதவளின் கதைக்கு 'ஸ்டாரி ஐஸ்' (2014) நல்ல எடுத்துக்காட்டு. அதில் உணவகத்தில் வேலை பார்க்கும் சாரா ஆடிஷனில் சோபிக்கவில்லை. கழிவறைக்குள் போய் அலறித் தலைமுடியைப் பிய்த்துக்கொள்கிறாள். தேர்வு செய்பவர்கள் அவளை உள்ளே அழைத்து, அதையே தங்கள் முன்னால் செய்துகாட்டச் சொல்கிறார்கள். வசனம் பேசியபோது அசையாதவர்கள் வேதனையைக் கண்டதும் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

டி வெஸ்டின் 'பேர்ல்' (2022) இந்த ஆடிஷன் அறையை 1918-க்குக் கொண்டுபோகிறது. இயக்குநரும் நாயகி மியா கோத்தும் கோவிட் காலத்தில் சேர்ந்து எழுதிய கதை. திரையிலும் இன்ஃப்ளூயன்சா பரவிக்கிடக்கிறது. டெக்சாஸ் பண்ணையில் பேர்லுக்குக் கணவன் போர்முனையில், தந்தை படுக்கையில், தாய் கண்டிப்பின் உருவம். மாடுகளுக்கு முன்னால் ஆடுவதுதான் அவளுடைய மேடை. குளத்து முதலைக்கு அவள் வைத்த பெயர் தீடா. அக்காலத்து நட்சத்திரம் தீடா பாராவின் பெயர். படத்தின் பளீர் நிறங்கள் 1918-க்கு உரியவை அல்ல, பிற்கால டெக்னிகலர் இசைப்படங்களுக்கு உரியவை. இதைக் காலப்பிழை என்று தள்ளிவிட முடியாது. அவள் கனவுக்கு முன்கூட்டியே பூசிய வண்ணம் அது.

தேவாலயத்தில் ஆடிஷன். அவள் உயிரைக் கொடுத்து ஆடுகிறாள். இன்னும் இளையவளாக, பொன்னிற முடியோடு ஒருத்தி வேண்டும் என்று நடுவர்கள் சொல்லிவிடுகிறார்கள். நிராகரிக்க அவர்களுக்குச் சில நொடிகள் போதும்; அதை ஜீரணிக்க அவளுக்கு நெடுநேரம் பிடிக்கிறது. வெட்டில்லாமல் அவள் முகத்திலேயே நிற்கும் நீண்ட ஒப்புதல் வாக்குமூலம் அந்த நேரத்தைத்தான் அளக்கிறது. கோடரி அதற்குப் பிறகே வருகிறது. ரத்தத்தை எண்ணி இதை வெறும் கொலைப்படமாக வகைப்படுத்துவோர் இந்தக் காட்சியைக் கணக்கில் எடுப்பதில்லை.

பழைய வீடு இதனால் இல்லாமல் போய்விடவில்லை. 'பேர்ல்' வெளிவந்த அதே ஆண்டில், அதற்கு முன்பே வந்த 'எக்ஸ்' படத்தின் கதை 1979-இல் அதே பண்ணையில் நடக்கிறது. அங்கே பேர்ல் கிழவி. நட்சத்திரமாகத் துடிக்கும் இளம்பெண் மேக்சினை இருட்டில் நின்று பார்க்கிறாள். நார்மாவின் இடத்தில் நிற்பவளும் சாராவின் இடத்தில் நிற்பவளும் ஒரே நடிகை: கிழவியாக நடிக்க மணிக்கணக்கில் ஒப்பனை போட்டுக்கொண்ட மியா கோத்.