ஏழை சொல் அம்பலம் ஏறிய வரலாறு

"ஏழை சொல் அம்பலம் ஏறாது" என்பது நம்ம ஊர்ப் பழமொழி. வக்கீல் வைக்கக் காசில்லாதவன் வழக்கில் தோற்றுத்தான் போவான் என்ற நிலை சுதந்திரத்துக்குப் பிறகும் நீடித்தது. அதை மாற்ற நம் நாட்டில் நடந்த முயற்சியைச் சுருக்கமாகச் சொல்ல விரும்புகிறேன்.

இதில் முன்நின்றவர்கள் இரண்டு நீதிபதிகள். ஒருவர் குஜராத்திலிருந்து வந்த பி.என். பகவதி. மற்றவர் பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த வி.ஆர். கிருஷ்ணய்யர். ஏழைகளுக்குச் சட்ட உதவி தருவது பற்றி ஆராய மத்திய அரசு அமைத்த குழுவுக்குத் தலைமை வகித்து, 1973-இல் அறிக்கை அளித்தவர் இவர். 1976-இல் நிறைவேறிய 42-ஆவது திருத்தம் அரசியலமைப்பில் 39-ஏ பிரிவைச் சேர்த்தது. வசதியில்லை என்பதற்காக யாருக்கும் நீதி கிடைக்காமல் போகக்கூடாது என்பது அதன் சாரம்.

ஆனால் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? அதற்கு உயிர் கொடுத்தவை தீர்ப்புகளே. பீகார் சிறைகளில் விசாரணையே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் கிடந்தவர்களின் வழக்கில், இலவச சட்ட உதவி வாழ்வுரிமையின் பகுதி என்று 1979-இல் உச்ச நீதிமன்றம் கூறியது.

என்னை மிகவும் யோசிக்க வைத்தது 1986-ஆம் ஆண்டின் சுக் தாஸ் வழக்கு. அருணாசலப் பிரதேசத்தில் ஓர் அரசுப் பொறியாளரை மிரட்டியதாகக் குற்றச்சாட்டு. வக்கீல் இல்லாமலே விசாரணை முடிந்து 2 ஆண்டு தண்டனை. 'அவர் உதவி கேட்கவில்லையே' என்றது உயர் நீதிமன்றம். உச்ச நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி பகவதி அதை ஏற்கவில்லை. உரிமை இருப்பதே தெரியாத கிராமத்து மனுஷன் எப்படிக் கேட்பான்? கேட்காவிட்டாலும் எடுத்துச் சொல்ல வேண்டியது நீதிமன்றத்தின் கடமை என்று தீர்ப்பளித்துத் தண்டனையை ரத்து செய்தார்.

1987-இல் இயற்றிய சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1995 நவம்பர் 9-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. இதன்படி பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், காவலில் இருப்போர் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்ற கேள்வியே இல்லை. மற்றவர்களில் பெரும்பாலோருக்கு வருமான வரம்பு உண்டு. வக்கீல் செலவும் கோர்ட்டு கட்டணமும் அரசின் பொறுப்பு. தாலுகா கோர்ட்டிலுள்ள சட்டப் பணிகள் குழுவிடம் மனு கொடுக்கலாம். எழுதத் தெரியாவிட்டால் வாயால் சொன்னாலே எழுதிக்கொள்வார்கள். 15100 என்ற தொலைபேசி உதவி எண்ணும் இருக்கிறது.

இவ்வளவு இருந்தும், நிலத் தகராறுக்கும் ஜீவனாம்சத்துக்கும் தாலியை அடகு வைத்து வக்கீலைத் தேடுகிறவர்கள் நம் கிராமங்களில் இன்றும் இருக்கிறார்கள். சட்டம் இருக்கிறது, சொல்வார் இல்லை. வெளி மாநிலத்தில் நாலெழுத்து படித்துப் பிழைக்க வந்த நாம் விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது, அத்தை, சித்தப்பா, பக்கத்து வீட்டுப் பாட்டி என்று நாலு பேரிடமாவது இதைச் சொல்லிவிட்டு வரலாமே. நம் வீட்டில் வேலை செய்யும் பெண்மணிக்கும், அவர் எந்த மாநிலத்தவரானாலும், இதே உரிமைதான்.