இனாமாக ஓடாத லாரி

சிட்னியின் குவேக்கர்ஸ் ஹில்லுக்குத் தென்மேற்கே, காரில் சில நிமிடத் தூரத்தில் கிளெண்டனிங். வீடுகள் முடிந்து கிடங்குகள் தொடங்கும் தொழிற்பேட்டை. நியூ சவுத் வேல்ஸ், ஆஸ்திரேலியத் தலைநகர்ப் பிரதேசம் இரண்டுக்கும் சேர்த்து இயங்கும் ஃபுட்பாங்க் என்ற உணவு வங்கியின் கிடங்கு அங்கேதான் இருக்கிறது. கான்பரா, டப்போ, எல்லைப்புறக் கிராமங்கள் வரை போகும் டின் உணவும் பாலும் சீரியலும் இங்கிருந்துதான் லாரி ஏறுகின்றன. பசித்தவர் நேராகப் போய்க் கேட்டு வாங்கும் இடம் அல்ல இது. பதிவு செய்த தொண்டு அமைப்புகளும் பள்ளிகளும் இங்கிருந்து எடுத்துப் போய்த் தங்கள் ஊரில் கொடுக்கின்றன. மொத்த வியாபாரிக்கும் சில்லறைக் கடைக்கும் உள்ள உறவு போல என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த முறை 1967இல் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் பிறந்தது. ஜான் வான் ஹெங்கல் வியாபார வாழ்க்கையை விட்டுவிட்டு, செயின்ட் வின்சென்ட் டி பால் சபையின் இலவச உணவுக்கூடத்தில் தொண்டு செய்துகொண்டிருந்தார். தோட்டங்களில் பறிக்காமல் விட்ட ஆரஞ்சுகளைக் கேட்டு வாங்கி வருவது அவர் வேலைகளில் ஒன்று. பத்துப் பிள்ளைகளின் தாய் ஒருத்தி, பல்பொருள் அங்காடியின் பின்கட்டுத் தொட்டியில் கிடைப்பதை வைத்தே பிள்ளைகளை வளர்ப்பதாக அவரிடம் சொன்னாள். பணத்தைப் போட்டு எடுக்கிற மாதிரி சாப்பாட்டுப் பொருளையும் போட்டு எடுக்க ஓர் இடம் வேண்டும் என்றும் அவளே சொன்னாளாம். செயின்ட் மேரிஸ் தேவாலயம் 3,000 டாலரும் ஒரு பழைய பேக்கரிக் கட்டடமும் கொடுக்க, செயின்ட் மேரிஸ் உணவு வங்கி திறந்தது. அதற்குச் சரியாக நூறு ஆண்டு முன்பு, 1867இல், வடலூரில் வள்ளலார் தருமச்சாலையில் அடுப்பு மூட்டியிருந்தார். அடுப்பு நமக்குப் பழக்கம். கிடங்கும் கணக்குப் புத்தகமும்தான் இந்த அமெரிக்கர் சேர்த்தவை.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் அந்தத் தாயோடு நிறுத்திவிடுவார்கள். என்னைக் கேட்டால் கதையே அடுத்த ஒன்பது ஆண்டில்தான் இருக்கிறது. 1976இல் அமெரிக்க வரிச் சட்டம் திருத்தப்பட்டது. மிச்ச உணவைத் தானமாகக் கொடுக்கும் கம்பெனிக்கு, குப்பையில் கொட்டுவதைவிடக் கூடுதல் வரிக்கழிவு கிடைத்தது. அதன் பிறகுதான் உணவு வங்கிகள் ஊருக்கு ஊர் முளைத்தன. வான் ஹெங்கல் தொடங்கி வைத்த தேசிய வலையமைப்பு இன்று ஃபீடிங் அமெரிக்கா என்ற பெயரில் நாடு முழுவதும் இருக்கிறது. இரக்கம் விதையைப் போட்டது. தண்ணீர் வரித்துறையிலிருந்து வந்தது.

சிட்னிக்கு உணவு வங்கி முறை வந்தது 1992இல். காலம் அப்படி: 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தேக்கத்தில் வேலையின்மை 1992 கடைசியில் பதினொரு சதவீதத்தைத் தொட்டது. தொண்டு அமைப்புகள் ஒவ்வொன்றும் தனித்தனியே கம்பெனிக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தால் கம்பெனிக்கும் தொல்லை, அமைப்புக்கும் அலைச்சல். எல்லோருக்கும் பொதுவாக ஒரு கிடங்கு என்பது அதற்கு விடை. மேற்கு ஆஸ்திரேலியாவும் குயின்ஸ்லாந்தும் பின்தொடர்ந்தன. 1996இல் தேசிய அமைப்பு உருவானது. விக்டோரியாவின் வேர் மட்டும் ஆழம். 1930 வாக்கிலான பெருமந்தத்தில் தொடங்கிய நிவாரணக் குழுவே அங்கே பின்னாளில் ஃபுட்பாங்க் ஆனது.

பொருள் இனாமாக வரும்; லாரி இனாமாக ஓடாது. டீசல், குளிர்சாதன அறையின் மின்சாரம், பேலட், ஃபோர்க்லிஃப்ட், கிடங்கு வாடகை எல்லாவற்றுக்கும் ரொக்கம் வேண்டும். லேபிள் ஒட்டியது கோணலாகிப்போன ஆயிரம் பாட்டில் சாஸை ஒரு தொழிற்சாலை கொடுக்கச் சம்மதித்த அன்றே செலவு தொடங்கிவிடுகிறது. மாநில அரசின் மானியம், ஒன்றிய அரசின் மானியம், கம்பெனி நன்கொடை, பொதுமக்கள் போடும் பணம், சில மாநிலங்களில் தொண்டு அமைப்புகளே சில பொருள்களுக்குத் தரும் சிறு கையாளுகைக் கட்டணம் என்று பல வாய்க்கால் சேர்ந்துதான் அது ஓடுகிறது.

கொடுப்பவருக்குப் பயமும் இருந்தது. கொடுத்த உணவால் யாருக்காவது உடம்புக்கு வந்தால் வழக்கு வருமே! சிட்னியில் 2004இல் ஓஸ்ஹார்வெஸ்ட் என்ற உணவு மீட்பு அமைப்பைத் தொடங்கிய ரோனி கான் இதற்காகச் சட்டமன்றத்தை விடாமல் நச்சரித்தார். 2005இல் நியூ சவுத் வேல்ஸ் தன் பொறுப்புச் சட்டத்தைத் திருத்தியது. நல்லெண்ணத்தோடு, கொடுக்கும்போது உண்ணத் தகுந்ததாக இருக்கும் உணவைக் கொடுத்தவர் மேல் பழி வராது. பாதுகாப்புக்கான ‘யூஸ் பை’ தேதி கடந்ததைக் கொடுக்கவே கூடாது. தரத்துக்கான ‘பெஸ்ட் பிஃபோர்’ கடந்ததைக் கொடுக்கலாம். கிடங்கில் வேலை செய்கிற தொண்டர் முதலில் கற்கும் பாடம் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

இன்னொரு சிக்கல், மிச்சம் என்பது சொல்லிக்கொண்டு வராது. ஒரு வாரம் சிப்ஸ் மலையாகக் குவியும், பால் இருக்காது. ஒரு குடும்பம் சிப்ஸைத் தின்று வாழ முடியுமா? ஆகவே ஃபுட்பாங்க் உற்பத்தியாளர்களோடு சேர்ந்து, வேண்டிய பொருளை வேண்டிய அளவில் செய்ய வைக்கும் ஏற்பாடு ஒன்றைக் கண்டுபிடித்தது. ஒருவர் கோதுமை தருவார், ஒருவர் அட்டைப்பெட்டி, ஒருவர் தொழிற்சாலையில் ஓய்ந்திருக்கும் இயந்திர நேரம், ஒருவர் லாரி. இடைவெளியை மட்டும் பணத்தால் அடைத்தால் போதும். பாஸ்தா, சீரியல், பால், மாவு எல்லாம் இப்படித்தான் சீராக வரத் தொடங்கின. இந்த முழுக் கதையில் எனக்கு மிகப் பிடித்த கண்டுபிடிப்பு இதுதான். குப்பையைக் குறைக்க வந்த அமைப்பு, குப்பையையே நம்பியிருக்க முடியாது என்று தெரிந்துகொண்டது.

அந்த இடைவெளியை அடைத்த ஒன்றிய அரசுப் பணம் ஆண்டுக்கு 7,50,000 டாலர். ஒரு நாட்டின் பட்ஜெட்டில் அது எந்த மூலைக்கு? ஆனாலும் 2018 நவம்பரில் அதை 4,27,000 ஆகக் குறைக்கப் போவதாகச் செய்தி வந்தது, கிறிஸ்துமஸ் நெருங்கும் நேரத்தில். நாடெங்கும் எழுந்த கூச்சலில் பிரதமர் ஸ்காட் மாரிசன் சில நாளிலேயே பின்வாங்கினார்.

அதே பிரதமர் 2020 ஏப்ரலில், கொரோனா பரவிய நேரத்தில், கையில் காசில்லாத வெளிநாட்டு மாணவர்கள் ஊர் திரும்பிவிடலாம் என்றார். உணவக வேலை போய், ஜாப்கீப்பர் என்ற அரசின் ஊதிய உதவியும் கிடைக்காமல் வாடகை அறையில் முடங்கியவர்களில் நம் பிள்ளைகளும் உண்டு. ஃபுட்பாங்கின் பெட்டிகள் அப்போது மாணவர்களுக்கும் போயின. மறு ஆண்டு டெல்டா ஊரடங்கில், பிளாக்டவுன் உட்பட மேற்குச் சிட்னியின் வீட்டு வாசல்களில் ராணுவத்தினரே உணவுப் பொட்டலம் இறக்கினார்கள். டூங்காபி, பெண்டில் ஹில், குவேக்கர்ஸ் ஹில் என்று பரவிக் கிடக்கும் தமிழர்களிடையே, இணைப்பு விசாவில் ஆண்டுக்கணக்காகக் காத்திருக்கும் ஈழத்து அகதிகளும் இருக்கிறார்கள். 2018 வாக்கில் அரசு உதவித்தொகையை இறுக்கியபோது அவர்களில் பலர் தொண்டு அமைப்புகளின் வாசலுக்குத்தான் போக வேண்டியிருந்தது. பெட்டியில் அரிசியும் பருப்பும் எப்போதும் இருக்கும் என்று சொல்ல முடியாது. பாஸ்தா சாஸில் மிளகாய்த்தூள் போட்டுச் சமாளிப்பதும் ஒரு சமையல்தான். கோயில் அன்னதானப் பந்தியில் கூச்சமின்றி உட்காருகிற நாம், இப்படி ஒரு பெட்டியை வாங்கியதை மட்டும் அடுத்த வீட்டுக்குச் சொல்லமாட்டோம்.

ஃபுட்பாங்கின் 2023 அறிக்கைப்படி, அந்த ஆண்டில் 37 லட்சம் குடும்பங்களுக்கு உணவுத் தட்டுப்பாடு இருந்தது. இதே நாடு ஆண்டுக்கு 76 லட்சம் டன் உணவை வீணாக்குகிறது. இரண்டுக்கும் நடுவில் நிற்பவற்றில் ஒன்று லாரி வாடகை. ஆஸ்திரேலியக் கம்பெனிக்கு, கொட்டினாலும் கொடுத்தாலும் வரியில் கிடைப்பது ஏறக்குறைய ஒன்றுதான். கொடுத்தால் போக்குவரத்துச் செலவு கூடுதல் தண்டம். அமெரிக்கா 1976இல் அவிழ்த்த இந்த முடிச்சை அவிழ்க்கச் சொல்லி, கேபிஎம்ஜி தணிக்கை நிறுவனம் போட்ட கணக்கோடு ஃபுட்பாங்க் 2020 முதல் கேட்டு வருகிறது. 2024இல் செனட்டர் டீன் ஸ்மித் தனிநபர் மசோதாவாகவே அதைக் கொண்டுவந்தார்.

நம் சங்கங்கள் பொங்கலுக்கு அரிசி மூட்டை திரட்டுவதைவிடப் பணமாகத் திரட்டினால் அந்த லாரிக்கு உதவும். இரண்டு டாலரோ அதற்கு மேலோ கொடுத்தால் ரசீது வாங்கி வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம். தனிமனிதருக்கு அந்தச் சலுகை எப்போதோ கிடைத்துவிட்டது.