நரேன் கார்த்திகேயன்

நரேன் கார்த்திகேயன் (பிறப்பு: 14 ஜனவரி 1977), ஃபார்முலா 1 பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர், கோயம்புத்தூரைச் சேர்ந்தவர். தந்தை ஜி. ஆர். கார்த்திகேயன் தென்னிந்திய ராலியில் பலமுறை வென்றவர்.

1992இல் பிரான்சின் வின்ஃபீல்டு பள்ளியில் பயின்ற நரேன், 1996இல் ஃபார்முலா ஏசியா பட்டம் வென்றார். 2005இல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா 1இல் அறிமுகமானார். அவ்வாண்டு இண்டியானபொலிஸில் நடந்த அமெரிக்கப் பந்தயத்தில், டயர் பழுதாகும் அபாயத்தால் மிஷலின் டயர் பூட்டிய 14 கார்கள் விலகின. எஞ்சிய ஆறு கார்களில் நரேன் நான்காவதாக வந்து 5 புள்ளிகள் பெற்றார். ஃபார்முலா 1இல் புள்ளி பெற்ற முதல் இந்தியரும் இவரே. 2011, 2012ஆம் ஆண்டுகளில் எச்ஆர்டி அணிக்கு ஓட்டினார். 2011இல் இந்தியாவின் முதல் ஃபார்முலா 1 பந்தயத்தில் 17ஆம் இடம் பெற்றார். 2010இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

உலகப் பட்டம் இவருக்குக் கிட்டவில்லை. ஆனால் பட்டம் மட்டுமே ஓட்டுநரின் அளவுகோல் அன்று. 16 பந்தயங்களை வென்ற இங்கிலாந்தின் ஸ்டர்லிங் மாஸ், 1955 முதல் 1958 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் இரண்டாமிடமே பெற்றார். 1958இல் ஒரே புள்ளியில் பட்டத்தைத் தவறவிட்டார். மாஸின் பெருமை அவரது வெற்றிகளில் நிலைக்கிறது. நரேனின் பெருமை, இந்தியர் எவரும் போகாத பாதையைத் திறந்ததில் நிலைக்கிறது.