“வாம்பயர்” என்னும் நாசகாரி

1942ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் நமது கிழக்குக் கடற்கரையைக் கலக்கிய மாதம். 6ஆம் தேதி விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. சென்னை மக்கள் மூட்டை முடிச்சுகளுடன் உள்நாட்டு ஊர்களுக்கு விரைந்தனர். அதே வாரத்தில் மட்டக்களப்புக் கடலில் மூழ்கிய ஒரு சிறு கப்பலின் வரலாற்றை இங்கே கூற விரும்புகிறேன்.

“வாம்பயர்” 1917இல் இங்கிலாந்தில் வெள்ளோட்டம் கண்ட நாசகாரிக் கப்பல். 1933இல் ஆஸ்திரேலியக் கடற்படையைச் சேர்ந்தது. இரண்டாம் உலக யுத்தம் மூண்டபோது அதற்கு வயது 22. அதனுடன் மத்தியதரைக் கடலில் பணியாற்றிய நான்கு ஆஸ்திரேலிய நாசகாரிகளும் முதுமை எய்தியவையே. ஜெர்மானியப் பிரசாரகர் அவற்றைப் “பழைய இரும்பு” என்று எள்ளினர். மாலுமிகளோ அவ்வசையையே விருதாகச் சூடிக்கொண்டனர்.

பெரிய கப்பல்களைக் காப்பதும், அவை வீழ்ந்தால் உயிர்களை மீட்பதும் நாசகாரியின் கடமை. 1941 டிசம்பர் 10ஆம் தேதி மலேயாக் கடலில் “பிரின்ஸ் ஆப் வேல்ஸ்”, “ரிப்பல்ஸ்” என்னும் பெரும் போர்க்கப்பல்கள் மூழ்கின. “வாம்பயர்” உள்ளிட்ட மூன்று நாசகாரிகள் 2,000க்கு மேற்பட்டோரைக் கரைசேர்த்தன. அடுத்த மாதம் எண்டாவ் அருகே நள்ளிரவுப் போரில் துணைக் கப்பலாகிய “தானட்” மாண்டது; “வாம்பயர்” தப்பியது.

ஏப்ரல் 8ஆம் தேதி இரவு, தாக்குதலை எதிர்நோக்கி, “ஹெர்மிஸ்” என்னும் விமானந்தாங்கியுடன் “வாம்பயர்” திருகோணமலையைவிட்டுத் தெற்கே சென்றது. மறுநாட் காலை திரும்புகையில் எதிரி விமானம் ஒன்று அவற்றைக் கண்டுவிட்டது. விமானந்தாங்கியில் அன்று ஒரு விமானமும் இல்லை. 80க்கு மேற்பட்ட குண்டுவீச்சு விமானங்கள் திரண்டு வந்தன. “ஹெர்மிஸ்” விரைவில் மூழ்கியது. 307 பேர் மாண்டனர். பின்னர் “வாம்பயர்” மீது குண்டுகள் விழ, அதுவும் பிளந்து ஆழ்ந்தது. தலைவர் மோரன் கப்பலோடு மறைந்தார். உதவிக்கு அழைக்கப்பட்ட விமானங்கள் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

பலரை நீரினின்று மீட்ட கப்பலின் மாலுமிகள் இப்போது தாமே நீரில் தத்தளித்தனர். “வீட்டா” என்னும் ஆஸ்பத்திரிக் கப்பல் வந்து இரு கப்பல்களையும் சேர்ந்த சுமார் 600 பேரைக் காப்பாற்றியது. “வாம்பயர்” மாலுமிகளுள் மிகப் பெரும்பாலோர் பிழைத்தனர்.

1959இல் அதே பெயருடன் மற்றொரு நாசகாரி ஆஸ்திரேலியக் கடற்படையில் சேர்ந்தது. அது இன்று சிட்னி நகரில் காட்சிப்பொருளாக நிற்கிறது. முதல் “வாம்பயர்” வங்கக் கடலடியிலேயே துயில்கிறது.