கூண்டும் காடும்

கொழும்புச் சுற்றுலாவுக்குப் புறப்படும் மயிலிட்டி மாணவர்கள் தெகிவளையில் யானையைக் காண்பதற்கு முன்னரே ஆனையிறவைக் கடந்துவிடுகின்றனர். யானை இறங்கிக் கடந்த துறையில் யானை இல்லை. கட்டணம் செலுத்திப் பார்க்குமிடத்தில்தான் அது நிற்கிறது. இம்மாற்றத்தின் வரலாறு நாம் அறியவேண்டியதொன்று.

வன்னிமைகள் திறையாக அளித்த யானைகளைப் போர்த்துக்கேயரும் பின்னர் ஒல்லாந்தரும் யாழ்ப்பாணத்தில் விலைபேசினர். கோல்கொண்டா, வங்காள வணிகர்கள் அவற்றை வாங்கிக் கப்பலேற்றினர். ஆங்கிலேயர் காலத்திலோ யானை விலைப்பொருள் என்ற நிலையும் போய், அழிக்கப்படவேண்டிய தொல்லையாயிற்று. கொன்றவர்க்கு அரசு வெகுமதி வழங்கியது. 1848க்கு முந்திய மூன்றாண்டிற்கும் குறைந்த காலத்தில், வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகள் கொல்லப்பட்டதாக எமெர்சன் தெனன்ற் 1859இல் வெளியிட்ட நூலிற் குறிப்பிடுகிறார். மலைநாட்டிலே காடழித்துக் கோப்பித் தோட்டங்கள் எழுந்த காலமும் அதுவே.

தெகிவளை மிருகக்காட்சிச்சாலையின் பிறப்பும் வாணிபத்திலேயே நிகழ்ந்தது. ஜோன் ஹாகன்பெக் என்னும் ஜேர்மானிய விலங்கு வணிகரே அதனைத் தொடங்கியவர். அவருடைய தமையன் கார்ல் ஹாகன்பெக் 1880களில் இலங்கை யானைகளோடு இலங்கை மனிதரையும் ஐரோப்பிய நகரங்களிற் காட்சிப்பொருளாக்கியவர். 1907இல் ஹம்பேர்க்கில் கம்பிகளை அகற்றி, அகழிகளால் விலங்குகளைப் பிரித்துப் புதுமை செய்தவரும் அவரே. விலங்கின்பால் இரக்கமும் மனிதன்பால் இரக்கமின்மையும் ஒரே வணிகத்தில் எவ்வாறு ஒன்றுகூடின என்பது சிந்திக்கத்தக்கது. 1936இல் ஜோனின் நிறுவனம் கலைக்கப்பட்டபோது அரசு தெகிவளையைப் பொறுப்பேற்றது. மறு ஆண்டே வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் பிறந்தது. தனியார் சொத்து பொதுச்சொத்தாயிற்று. ஆயினும் யானைகளின் வித்தைக் காட்சி தெகிவளையிற் பல்லாண்டுகள் தொடர்ந்தது.

மிருகக்காட்சிச்சாலையால் பயனே இல்லையா? உண்டு. காட்டில் வாழ்ந்த கடைசி அரேபிய ஓரிக்ஸ் மான் 1972இல் சுடப்பட்டது. சிறைப்பட்ட நிலையிற் பெருக்கப்பட்ட மான்களே 1982இல் ஓமான் பாலைநிலத்தில் மீண்டும் விடப்பட்டு அவ்வினத்தைக் காத்தன. ஆனால் அதே ஓமானில் களவுவேட்டை மந்தையைச் சிதைத்தது. எண்ணெய் தேடுவதற்காகச் சரணாலயத்தின் பத்தில் ஒன்பது பங்கு நீக்கப்பட்டது. 2007இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுரிமைப் பட்டியலிலிருந்து அகற்றியது. காட்சிச்சாலை மீட்டுக் கொடுத்ததை மூலதனத்தின் பசி விழுங்கிற்று!

இங்கும் படிப்பினை அதுவே. 1975இல் தொடங்கிய பின்னவலை யானைகள் அநாதை இல்லம் 1978இல் மிருகக்காட்சிச்சாலைத் திணைக்களத்திடம் ஒப்படைக்கப்பட்டது. 1984இல் அங்கு முதற் கன்று பிறந்தது. அங்குள்ள யானைகளைக் காணக் கூட்டம் திரள்கிறது. அவையோ பெரும்பாலும் காடு காண்பதில்லை. 1995இல் அமைந்த உடவளவை இடைத்தங்கல் இல்லமோ தாயற்ற கன்றுகளை மனிதப் பழக்கத்திலிருந்து இயன்றவரை விலக்கி வளர்த்துக் காட்டிற்கே திருப்பி அனுப்புகிறது. எனினும் அனுப்புவதற்குக் காடு வேண்டுமே! 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 5,879 யானைகள் இருந்த இந்நாட்டில், துப்பாக்கிக்கும் வெடிக்கும் மின்வேலிக்கும் புகைவண்டிக்கும் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கில் அவை பலியாகின்றன. யானையால் மாளும் ஏழை விவசாயியும் அதே நிலச்சிதைவின் பலியே.

ஆகவே, கூண்டின் முன் நிற்கும் மாணவனிடம் விலங்கின் பெயரை மட்டும் சொல்லி அமைதல் ஆகாது. அதன் காடு எங்கே, அதனை எடுத்துக்கொண்டவர் யார் என்று கேட்கவும் அவனுக்குக் கற்பித்தல் வேண்டும். அக்கேள்வி எழுமிடத்தில்தான் மிருகக்காட்சிச்சாலை கல்விச்சாலையாகிறது.